ஒரு கரண்டிகூடக் கேட்காமல்

போன மாதம் தலவாக்கலையில் ஒரு கலியாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா, எங்கள் சொந்தத்தில் அண்மையில் புருசனைப் பிரிந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "சண்டையில்ல, சத்தமில்ல. ஒரு கரண்டிகூடக் கேக்காம அமைதியா வந்துட்டா. புள்ளய வளத்தா அப்படி வளக்கணும்." பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் பிடித்த சீட்டுக் காசில்தான் அந்த வீட்டுக்குக் கூரை போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும்.

இதே பெரியம்மா 2023 ஏப்ரலில் என்னைப் பற்றியும் இதையேதான் சொன்னார். சரியாகப் பதினொரு நாள் நான் சொந்தக்காரர் மத்தியில் நல்ல பெண்ணாக இருந்தேன். பன்னிரண்டாம் நாள் கணக்குக் கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கலியாண வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் கலியாணம் 2009இல் நடந்தது. நான் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை. அவருக்குக் கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. வெள்ளிக்கிழமை இரவு வந்து, ஞாயிறு பகல் பொடி மெனிக்கே ரயிலில் திரும்புவார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார், பிறகு சம்பளம் கிடைத்த வாரத்தில் மட்டும். 2021 கடைசியில் வருவதையே நிறுத்திவிட்டு, இனி வரப்போவதில்லை என்று கடிதமும் எழுதினார். குடி இல்லை, அடி இல்லை, இன்னொரு பெண்ணும் இல்லை. இப்படிச் சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை. ஏன் பிரிந்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும், மகளுக்கும் ஓரளவு தெரியும். அது போதும்.

பிரிவது என்று உறுதியானபோது இருவருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது. மகள் காதில் விழும்படி ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசக் கூடாது. சித்திரைப் புத்தாண்டுக்கு மகளைப் பார்க்க வந்தவரிடம், முன்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், "எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க நிம்மதியா இருங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு இளைப்பாறல் தெரிந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல இரவுகள் யோசித்திருக்கிறேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், வளர்ந்தவள். பன்னிரண்டு காம்பரா லயம், ஒரே தண்ணிக் குழாய். அங்கே ஒரு புருசன் பெண்சாதி பிரிந்தால் தோட்டத் தலைவரும் நாலு பெரியவர்களும் கோயில் முன்னால் உட்காருவார்கள். என் சித்தி பிரிந்து வந்தபோது எனக்கு எட்டு வயது. ஒரு அண்டா, இரண்டு பித்தளைக் குடம், ஒரு ஆடு. அவற்றை வாசலில் வைத்து, ஊரே சுற்றி நிற்க, யாருக்கு எது என்று கத்திக்கொண்டார்கள். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். யார் பெயர் பதிந்திருக்கிறதோ, யார் காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, போகிறார்களோ அவர்களுக்குத்தான் அது. அதைப் பற்றிப் பேசக்கூட முடியாது. ஆகவே மனிதர்களின் கோபமெல்லாம் அண்டா மேல் இறங்கியது. சித்தி கடைசியில் குடத்தைக் கீழே போட்டு மிதித்து நசுக்கிவிட்டு நடந்தார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பங்கு கேட்பது என்றாலே என் மனதில் அந்தச் சத்தம்தான். அது எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. சித்தி காலத்தில் பிரிப்பதற்கு அண்டா மட்டுமே இருந்தது. எங்களிடம் காணி உறுதிப் பத்திரம் இருந்தது, வங்கிக் கடன் இருந்தது, காப்புறுதி இருந்தது. மலையகத்தில் எங்கள் தலைமுறையில் நிறையப் பேர் குடும்பத்திலேயே முதன்முதலாகச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கியவர்கள். வாங்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அலைந்து கற்றுக்கொண்டோம். பிரிப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கமும் இல்லை. கோயில் வாசல் பஞ்சாயத்துக்கும் வாயை மூடிக்கொண்டு வருவதற்கும் இடையில் வேறொரு வழி இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் காட்டியதில்லை.

யார் பெயரில் இருக்கிறது

யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி என்னோடு கல்வியியற் கல்லூரியில் படித்தவள். விசயத்தைக் கேட்டதும், "நீ ஏன்டி பயப்பிடுறாய், கலியாணத்துக்குப் பிறகு வாங்கினது தேடிய தேட்டம், பாதி உனக்குத்தான்" என்றாள். எனக்கு ஒரு நாள் முழுக்க நெஞ்சு லேசாக இருந்தது. அப்புறம் ஒரு சட்டத்தரணி விளக்கினார். தேடிய தேட்டம் தேசவழமைச் சட்டத்தில் உள்ளது. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரியது. தோட்டத்திலிருந்து வந்த எங்களுக்குப் பொதுச் சட்டம்தான். அதில் 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமான பெண்ணின் ஆதனம் அவளுடையது, கணவனின் ஆதனம் அவனுடையது. நல்ல சட்டம்தான். என் நகையை, என் சம்பளத்தை யாரும் தொட முடியாது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கலியாணம் முடித்தோம் என்பதற்காக எதுவும் தானாகப் பாதியாகாது. உறுதியில் யார் பெயரோ காணி அவருக்கு.

எங்கள் உறுதி அவர் பெயரில் மட்டும் இருந்தது. கொட்டகலைப் பக்கம் பத்து பேர்ச்சஸ் காணி, 2013இல் ஒன்பது லட்சம். ஒரே பெயரில் இருந்தால் வீட்டுக்கடன் எடுக்கச் சுலபம் என்று யாரோ சொன்னார்கள், சரி என்றோம். 2015இல் வீடு கட்ட இருபத்தைந்து லட்சம் கடன். அதில் நானும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டேன். காணியில் என் பெயர் இல்லை, கடனில் இருக்கிறது. எட்டு வருடமாக இது எனக்கு உறைக்கவில்லை. பிரிவுக்குப் பிறகு வங்கியில் விசாரித்தபோது, நீங்கள் இருவரும் உங்களுக்குள் என்ன பேசி முடித்தாலும், நீதிமன்றமே விவாகரத்துக் கொடுத்தாலும், வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை கடன் இருவர் தலையிலும்தான் என்றார்கள். அதாவது நான் ஒன்றும் வேண்டாம் என்று வந்திருந்தால், வீடு இல்லாமல் வீட்டுக்கடன் மட்டும் என்னோடு வந்திருக்கும்.

வழக்குப் போட்டால் வழி இல்லாமல் இல்லை. ஒருவர் காசு கொடுத்து இன்னொருவர் பெயரில் எழுதிய காணியில், கொடுத்தவர் அதை நன்கொடையாக நினைக்கவில்லை என்றால், பெயரில் உள்ளவர் அதைக் கொடுத்தவருக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நிரூபிக்க வருடக்கணக்கில் ஏறி இறங்க வேண்டும், ஒருவர் மீது ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ அதே சத்தம்தான் மறுபடியும்.

பிஸ்கட் டின்

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு. பதினோராம் நாள் இரவு வரை நான் என் முடிவில்தான் இருந்தேன். அம்மா என்னோடுதான் இருக்கிறார். பதினோரு நாளும் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நல்ல மழை, மின்சாரமும் இல்லை. மகள் தூங்கிய பிறகு அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே பொலிதீனில் சுற்றிய காகிதங்கள்.

"புள்ள, ஒண்ணும் வேணாம்னு மாப்புளக்கிட்ட சொன்னியாமே. உன்னோடத வேணாம்னு நீ சொல்லலாம். என்னோடதையும் சேத்து வேணாம்னு சொல்ல உனக்கு யாரு சொன்னா?"

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் தன் ஊழியர் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தை அந்த மெழுகுதிரி வெளிச்சத்தில் மனப்பாடமாக ஒப்பித்தார். பதினாறு வயதில், 1973இல், கொழுந்துக்குப் போனவர். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, 1992இல் கம்பனிகள் வந்தன, துரைமார் மாறினார்கள், அம்மா அதே மலையில்தான் ஐம்பத்தைந்து வயது வரை நின்றார். சம்பளத்தில் 8 வீதம் அவருடையது, தோட்டம் போடும் 12 வீதம், அப்புறம் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். வேலையை விட்ட பிறகு அந்தக் காசை எடுக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். செக்ரோலில், தோட்டத்துப் பெயர்ப் பதிவில், இருந்த பெயருக்கும் அடையாள அட்டையில் இருந்த பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்காக ஏழு தடவை கந்தோர் ஏறினார். இரண்டு தடவை நானும் கூடப் போனேன். வந்த காசில் நாலு லட்சத்து இருபதாயிரத்தை காணி எழுதிய அன்று உறுதி எழுதும் நொத்தாரிசின் வீட்டு வாசலில் வைத்து என் கணவர் கையில் கொடுத்தார். ஒன்பது லட்சத்தில் நாலு இருபது.

நான் அதை மறக்கவில்லை, ஆனால் நினைக்கவும் இல்லை. "எனக்கு வேணாம்" என்றபோது அந்த "எனக்கு" என்பதற்குள் அம்மாவின் முப்பத்தொன்பது வருடம் இருந்தது. அட்டைக்கடி இருந்தது, தலையில் கயிறு பதிந்த தழும்பு இருந்தது. அதை அவரைக் கேட்காமல் தானம் செய்துவிட்டு நல்ல பெயர் வாங்கினேன். என் பெருந்தன்மைக்கான விலையை வேறொருவர் கொடுத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விடிந்ததும் என் கணவருக்கு அழைப்பு எடுத்தேன். "அன்னைக்கு நான் சொன்னதத் திரும்ப எடுத்துக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா குடுத்தது நாலு லட்சத்து இருபது. அன்னைக்கே எழுதி வச்சிருக்கேன்" என்றார். அப்படியென்றால் நான் வேண்டாம் என்றபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ வேணாம்னுட்ட. அதுக்கு மேல எப்படிப் பேச்சை எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

இந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. ஆனால் நான் பேசாமல் விட்டிருந்தால் அவரும் பேசியிருக்க மாட்டார். பத்து வருடம் கழித்து அம்மா இல்லாத ஒரு நாளில், மகளின் படிப்புக்குக் காசு போதாத ஒரு மாதத்தில், அந்த நாலு இருபது என் வாயிலிருந்து வேறு விதமாக வெளியே வந்திருக்கும். அப்போது அது கணக்காக இருந்திருக்காது, சாபமாக இருந்திருக்கும்.

சீஆர் கொப்பி

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். மகளை அம்மாவோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, சமையலறை மேசையில் ஒரு புது சீஆர் கொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிரிந்த பிறகுதான் நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவரே சொன்னார். ஐந்து சனிக்கிழமை ஆனது.

முதலில் வந்த சிக்கல் காசின் பெறுமதி. 2013இல் போட்ட நாலு லட்சத்து இருபதாயிரத்தை அப்படியே திருப்பித் தருகிறேன் என்றார். 2022இல் ரூபாய் விழுந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு குறைவு என்று சொல்லத் தேவையில்லை. வட்டி போட்டுப் பார்த்தோம், தங்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் போட்ட காசைப் பார்க்காமல் போட்ட பங்கைப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஒரு மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டோம். காணி முப்பத்தாறு லட்சம், கட்டிடம் முப்பத்தாறு லட்சம், வங்கிக் கடன் இன்னும் பன்னிரண்டு. காணியில் அம்மா நாலு இருபது, அவர் மூன்று லட்சம், என் நகை அடகு வைத்து ஒன்று எண்பது. அதே வீதத்தில் இன்றைய விலையைப் பிரித்தால் அம்மாவுக்குப் பதினாறு லட்சத்து எண்பதாயிரம், அவருக்குப் பன்னிரண்டு, எனக்கு ஏழு இருபது. கட்டிடத்துக்கு அவர் கையிலிருந்து ஐந்து லட்சம் போட்டிருந்தார், முதல் மூன்று வருடத் தவணையும் அவர் கட்டினார், பிந்திய ஐந்து வருடம் என் சம்பளத்திலிருந்து போனது. கூட்டிக் கழித்தால் ஏறத்தாழச் சமம். கடன் போக மிச்சம் இருபத்துநாலு லட்சம், ஆளுக்குப் பன்னிரண்டு. ஆக அவர் பங்கு இருபத்துநாலு, எனக்கும் அம்மாவுக்கும் முப்பத்தாறு.

மகளின் பாடசாலை இங்கேதான், ஆகவே வீட்டை நான் எடுத்துக்கொள்வது என்று பேசினோம். மிச்சக் கடனை வங்கி என் சம்பளத்தைப் பார்த்து என் பெயருக்கு மாற்றியது. நகையை விற்று அவருக்குப் பன்னிரண்டு லட்சம் கொடுத்தேன். தாலிக்கொடியும் அதில் போனது. அன்று அழுதேன், அதை மறைக்க விரும்பவில்லை. மீதிப் பன்னிரண்டு லட்சம் மாதம் இருபதாயிரமாக அறுபது தவணை. அவருடைய சேமலாப நிதியை நாங்கள் தொடவில்லை. அது அவருக்கு ஐம்பத்தைந்து வயதில் கிடைப்பது. என் ஓய்வூதியத்தையும் அவர் கேட்கவில்லை. நாங்கள் இறந்தால் காசு யாருக்கு என்று எழுதும் பின்னுரித்தாளர் பெயர்களை மட்டும் இருவரும் மகளுக்கு மாற்றினோம்.

மகளுக்கு அவர் மாதம் கொடுக்கும் காசை என் தவணையில் கழித்துக்கொள்ளலாமே என்று அவர் கேட்டார். கணக்குப் பிள்ளைக்கு அது இயல்பான யோசனை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாபரிப்பு மகளின் உரிமை, 1999ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குக் கொடுத்தது. வீட்டுக் கடன் என்னுடையது. என் கடனை அவள் சோற்றிலிருந்து கழிக்கக் கூடாது. ஒரே நாளில் இந்தப் பக்கமிருந்து ஒரு காசு போகும், அந்தப் பக்கமிருந்து ஒரு காசு வரும். வங்கிக்கு இரண்டு கட்டணம் போனாலும் பரவாயில்லை.

கொப்பியில் இருவரும் கையெழுத்துப் போட்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். சட்டத்தரணி அதைப் பார்த்துவிட்டு, மனதுக்கு இது நல்ல ஆவணம், காணிக்கு இது வெறும் கொப்பி என்றார். 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும். முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தாலும் செல்லாது. இருவருக்கும் ஒரே சட்டத்தரணி நிற்க முடியாது, அவருக்கு வேறொருவர் வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கே போய்க் கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

அவர் உறுதியை எனக்கும் அம்மாவுக்கும் மாற்றிவிட்டு, மீதித் தவணைக்கு ஒன்றும் எழுத வேண்டாம், உன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். இந்த முறை நான்தான் விடவில்லை. வங்கியின் சம்மதத்தோடு, வீட்டை அடமானமாக வைத்து அவருக்கு ஈட்டு உறுதி எழுதிக் கொடுத்தேன். அவருடைய "வேணாம்" என்பதற்குள்ளும் யாருடையதோ ஒன்று இருக்கும். அவருக்கும் வயதான அப்பா இருக்கிறார்.

எதிராளி

இவ்வளவு பேசி முடித்த பிறகும் நீதிமன்றத்தில் எங்களுக்குக் கிடைத்த பெயர்கள் வழக்காளி, எதிராளி. எங்களுக்குரிய கலியாணச் சட்டம் 1907இல் எழுதியது. அதில் விவாகரத்துக்கு மூன்றே காரணம்: கலியாணத்துக்குப் பிறகு பிறரோடு கொண்ட உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுச் செல்வது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்பது அதில் இல்லை. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். என்னோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை ஒருவர் கண்டியச் சட்டப்படி கலியாணம் முடித்தவர். 1952ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் இருவரின் சம்மதமே ஒரு காரணம். மாவட்டப் பதிவாளரிடம் போய்ப் பிரிந்துவிட்டார்கள். ஒரே மலை, ஒரே பாடசாலை, ஒரே சம்பளம். அவருக்குக் கிடைத்த அந்த மரியாதை எங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கேள்வியா?

காரணத்தை இட்டுக்கட்டக் கூடாது, இருவரும் கூடிப்பேசிப் பொய்க் காரணம் சொன்னால் வழக்கே போய்விடும் என்று சட்டத்தரணி கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் இட்டுக்கட்டவில்லை. அவர் போனது உண்மை, வரமாட்டேன் என்று எழுதிய கடிதம் உண்மை. "கெட்ட எண்ணம்" என்றால் பகை என்று அர்த்தமில்லை, இனி இந்தக் குடும்ப வாழ்க்கை வேண்டாம் என்ற தீர்மானம்தான் என்று விளக்கினார்கள். சரி, விளங்கியது. ஆனாலும் சாட்சிக் கூண்டில் நின்று அந்தச் சொற்களைச் சொன்னபோது, பின்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்க முடியவில்லை. முதலில் இடைக்காலத் தீர்ப்பு, மூன்று மாதம் கழித்து முற்றான தீர்ப்பு. பிள்ளையின் தாபரிப்பும் வீட்டு ஏற்பாடும் அதே வழக்கில் பதிவாகின.

உறுதி மாற்றிய அன்று அம்மாவும் வந்தார். இந்த முறை அம்மா பெயரும் உறுதியில் இருக்கிறது, பங்கு விபரத்தோடு. எழுதுவதற்கு முன் அடையாள அட்டையில் உள்ள பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். பிறகு கைநாட்டு வைத்தார். வெளியே வந்ததும் அம்மாவுக்கு அவர் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா குடித்தார்.

அது 2024 ஜனவரி. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி இருபதாயிரம் அனுப்பிவிட்டு அவருக்கு ஒரு செய்தி போடுகிறேன். "கிடைச்சது" என்று மட்டும் பதில் வரும். அதையும் திகதி போட்டு அதே கொப்பியில் எழுதுகிறேன். இதுவரை இருபத்தொரு வரி ஆகியிருக்கிறது. அந்தக் கலியாண வீட்டுப் பெண்ணின் நம்பரைப் பெரியம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறேன்.